லிஃப்ட் கயிறு மாற்றிய மாதம்

கண்ணாடிக் கடைக்காரர் துப்பறிவாளர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் மூன்று பில்களை மேசையில் பரப்பினார். வணிக வளாகத்தில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வாடகை தனி, லிஃப்ட், விளக்கு, துப்புரவுக்கான பராமரிப்புக் கட்டணம் தனி. மார்ச், ஜூலை, அக்டோபர் என்று மூன்று தடவை ஏறி, அது இரண்டு மடங்காகிவிட்டது. எல்லா பில்லிலும் ஒரே வார்த்தை: பராமரிப்பு. இந்த மாதம் கட்டாவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டும்.

"மேனேஜர் திங்கிறான் சார். எங்க அக்கா அங்கேயே தையல் கடை வச்சிருந்தாங்க. இவனாலதான் மூடினாங்க."

துப்பறிவாளர் பில்களை எடுத்துத் தேதி பார்த்தார். அவருடைய மைத்துனர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டார். திருடன் அகப்படுவான் என்றால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

வளாகத்தில் ஆறு கடைகள், மூன்றில் பூட்டு. தையல் கடைக்குப் பிறகு ஜூனில் ஒன்றும் செப்டம்பரில் ஒன்றும் காலியானதாகக் காவலாளி சொன்னார். மைத்துனர் மேனேஜரின் அறையைக் கண்ணாலேயே சல்லடை போட்டார். தேய்ந்த செருப்பும் கால் ஒட்டுப்போட்ட நாற்காலியும்தான் அகப்பட்டன. துப்பறிவாளர் லிஃப்டுக்குள் வெகுநேரம் நின்றார். சுவரில் ஒட்டிய சோதனைத் தாளில், புதுக் கயிறு போட்ட தேதி மார்ச் ஐந்து. பிறகு தையல் கடையைத் திறக்கச் சொன்னார். வெறும் அறை. ஆணியில் தொங்கிய தினக் காலண்டர் மார்ச் முப்பத்தொன்றோடு நின்றிருந்தது.

எல்லோரும் மேனேஜரின் அறையில் கூடினார்கள்.

"யாரும் திருடல," என்றார் துப்பறிவாளர். மைத்துனரின் முகம் தொங்கிப்போனது.

"மார்ச்சுல கயிறு மாத்தினீங்க. ஒரே ஒரு தடவை வர்ற செலவு. பில்லுல அதைச் சொல்லல. இனி மாசாமாசம் இவ்வளவுதான்னு நினைச்சு அந்தம்மா காலி பண்ணிட்டாங்க. ஏப்ரல்ல குறைஞ்சிருக்கணும். அவங்க பங்கை மத்தவங்க மேல ஏத்தினதால குறையல. தாங்காம ஜூன்ல ஒருத்தர் போனார், ஜூலையில ஏறிச்சு. செப்டம்பர்லயும் அதே கதைதான். காலிக் கடைங்களோட செலவைத்தான் இவர் இப்பக் கட்டுறார்."

மேனேஜர் இழுப்பறையிலிருந்து மார்ச் மாதச் செலவுப் பட்டியலை எடுத்தார். கயிறு, கூலி, துடைப்பம் வரை முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. கொடுத்தால் ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள் என்று உள்ளேயே வைத்துவிட்டாராம்.

"அந்தம்மா கேட்டாங்களா?"

"கேட்டாங்க. அடுத்த மாசமும் இவ்வளவு வருமான்னு. பில்லுல இருக்கிறதுதான்னு சொன்னேன். எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவேன்."

சண்டைக்கு எழுந்த கண்ணாடிக் கடைக்காரர் அந்தப் பட்டியலைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார். காலிக் கடைகளின் பங்கை வளாக முதலாளியே ஏற்கும்படி பேசுவதாகவும், இனி பட்டியலை லிஃப்டிலேயே ஒட்டுவதாகவும் மேனேஜர் ஒப்புக்கொண்டார். அக்காவைத் திரும்ப வரச் சொல்லுங்கள் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மெஷினை வித்துட்டாங்க. வேற ஒருத்தர் கடையில பட்டன் தைக்கிறாங்க. நீயாவது கடையை விடாதேன்னு, அந்தக் காசை எனக்குத்தான் கொடுத்தாங்க. ஜூலை பில்லை அதுலதான் கட்டினேன்."

மைத்துனர் வாழ்நாளெல்லாம் காசு எண்ணியவர். "அப்ப, தான் பூட்டின கடைக்கும் அந்தம்மாவே கட்டியிருக்காங்க," என்றார் மெதுவாக.

கண்ணாடிக் கடைக்காரர் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"இதை அக்காகிட்ட சொல்லாம விட்டுடலாமா சார்?"

"சொல்லாம விட்டதாலதானே இவ்வளவும்," என்றார் துப்பறிவாளர்.