உள்ளங்கையில் ஒரு சில்வண்டு

கிட்ட வாங்க கண்ணுங்களா. ஃபேனுக்கு நேரே யார் உட்காருவது என்று சண்டை வேண்டாம்; எல்லாருக்கும் காற்று வரும். ஆம்பூர் சௌந்தர்யா கதையைச் சொல்கிறேன். கொளுத்துகிற வெயிலில் நடந்த கதைதான். ஆனால் கேட்டு முடித்தால் நெஞ்சு கொஞ்சம் குளிரும்.

சௌந்தர்யாவுக்குப் பத்து வயது. கோடை விடுமுறைக்கு அத்தை வீட்டுக்கு வந்திருந்தாள். ஆலங்காயத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த வீடு. அத்தை மகன் ஹேமந்த் அவளைவிட இரண்டு வயது பெரியவன். இரண்டு பேரும் தினமும் பின்னாலிருக்கும் காட்டோடைக்குப் போவார்கள்.

ஓடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனால் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. காய்ந்த வாகை நெற்றுகள் காற்றில் கலகலக்கும். சருகுக்குள் ஓணான் ஓடும். எங்கோ மறைந்துகொண்டு செம்போத்து, ‘உப்... உப்... உப்’ என்று கூப்பிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே சில்வண்டு! வெயில் ஏறியதும் ஒரு மரத்தில் ஒன்று ‘கிர்ர்ர்’ என்று ஆரம்பிக்கும். அடுத்த மரம் பிடித்துக்கொள்ளும். பிறகு காடு முழுக்க அதே சத்தம். பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும்.

இதையெல்லாம் தினமும் போனில் அப்பாவிடம் சொன்னாள் சௌந்தர்யா. அப்பா என்ன சொன்னார் தெரியுமா?

“சரிம்மா. சரிம்மா.”

அவ்வளவுதான். வீட்டிலும் அவர் அப்படித்தான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டார். “மனுஷன் எதையும் காதுல போட்டுக்கறதே இல்ல” என்று அம்மா சலித்துக்கொள்வாள். ஒருநாள் சௌந்தர்யா சோதித்துப் பார்த்தாள்.

“அப்பா, இன்னிக்கு எங்க கிளாசுக்குள்ள யானை வந்துச்சு.”

“சரிம்மா. சாப்ட்டியா?”

அப்போது சிரிப்பு வந்தது. படுத்த பிறகு அழுகை வந்தது. நான் பேசுவது அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லையோ?

அதனால்தான் அவள் ஒரு முடிவு செய்திருந்தாள். தன்னை அழைத்துப்போக அப்பா வருவார் இல்லையா, அன்றைக்கு அவரைக் காட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அவரால் வெறும் ‘சரிம்மா’ சொல்ல முடியாது!

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். அவர் பெயர் காசிநாதன். ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற மிஷினில் வேலை. தோலின் மேல் அச்சை வைத்து அழுத்தினால் ‘டம்’மென்று இறங்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் ‘டம்’. அப்படிப் பதினைந்து வருஷம். ஆறு நாள் நின்ற கால்கள், இரண்டு பஸ் மாறி, வெயிலில் நடந்து வந்து அத்தை வீட்டு வாசலில் அப்படியே மடிந்தன.

“எழுந்துருப்பா, காட்டுக்குப் போலாம்!”

“கொஞ்சம் படுத்துக்கறேனே, கண்ணு.”

“மாமா, போகலன்னா இவ அழுதே பேஜார் பண்ணிடுவா” என்றான் ஹேமந்த்.

அப்பா பெருமூச்சு விட்டு எழுந்தார்.

ஓடைக்கரை வாகை மரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சில்வண்டுகள் உச்சத்தில் இருந்தன. சௌந்தர்யா தன் காதைத் தொட்டு, மரத்தைக் காட்டினாள். அப்பா மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. அதன் நிழல் மரங்கள் மேல் ஓடியது. யாரோ சுவிட்சை அணைத்ததுபோல எல்லாச் சில்வண்டும் சட்டென்று நின்றன. காடு கப்சிப்.

கண்ணைத் திறக்காமலே அப்பா சொன்னார்: “அப்பப்பா! இன்னா சத்தம், இன்னா சத்தம்! நிறுத்தவே மாட்டேங்குதே!”

ஹேமந்த் விழுந்து விழுந்து சிரித்தான். “மாமா! அது நின்னு எவ்ளோ நேரமாச்சு!”

அப்பா கண்ணைத் திறந்தார். ஹேமந்தின் வாயைப் பார்த்தார். பிறகு சௌந்தர்யாவின் வாயைப் பார்த்தார். அப்பாவின் முகம் வாடிப்போனதை அவள் பார்த்துவிட்டாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய் அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

“அப்பா, உனக்குச் சில்வண்டு சத்தம் கேக்கலியா?”

அப்பா தரையில் கிடந்த நெற்றை எடுத்து உடைத்தார்.

“செம்போத்து கேக்குது. நீ எதிர்ல நின்னு பேசினா முக்காவாசி கேக்குது. இந்த வண்டு மட்டும்... இல்லம்மா.”

“ஏம்பா பொய் சொன்ன?”

“பத்து நாளா அவ்ளோ ஆசையா சொன்னியே. எப்படி இல்லன்றது?”

அப்படியானால் அந்த ‘சரிம்மா’ எல்லாம் பிடிக்காமல் சொன்னது இல்லை!

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. காதுல வைக்கறதுக்குக் கம்பெனில அடைப்பான் குடுத்தாங்க. வேர்வைல ஜாஸ்தியா அரிக்குதுன்னு கழட்டி வெச்சிட்டேன். சொன்னா திட்டுவாளே!”

ஹேமந்த் காலால் மண்ணைக் கிளறினான். “சாரி மாமா” என்றான். அது அப்பாவுக்குக் கேட்டதோ என்னவோ, அவன் தலையை ஒரு தட்டு தட்டினார்.

அப்பாவின் அந்தக் கையையே பார்த்தாள் சௌந்தர்யா. காய்ப்புக் காய்த்த கை. மிஷின் மேல் கை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிற கை.

“ஹேமந்த், ஒரு சில்வண்டு புடிச்சுத் தர்றியா? நசுக்காம!”

அவன் பூனைபோல நடந்துபோய், பக்கத்து மரத்தில் கையைக் குவித்து ஒன்றைப் பிடித்துவந்தான். சௌந்தர்யா அதை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, இன்னொரு கையால் மூட வைத்தாள்.

‘கிர்ர்ர்ர்!’

அப்பா துள்ளிவிட்டார். “யப்பா! உள்ள மோட்டார் ஓடுதும்மா!”

“அதான்பா அந்தச் சத்தம்!”

“இரு, இரு. ஆஃப் ஆயிடுச்சு.” அப்பா கையைக் காதோரம் கொண்டுபோகவில்லை; மார்போரம் வைத்துக்கொண்டார். “இப்ப ஆன். இப்ப ஆஃப்.”

ஒருமுறைகூடத் தப்பவில்லை.

“பெருவிரல் அளவுகூட இல்ல, இம்மாம் வேகமா ஓடுதே! இது மாதிரி எத்தினி இருக்கும் இங்க?”

“காடு ஃபுல்லா!”

அப்பா அண்ணாந்து ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். பிறகு கையைத் திறந்தார். வண்டு விர்ரென்று பறந்தது.

“அம்மாகிட்ட நான் சொல்லட்டுமாப்பா?”

“வேணாம், நானே சொல்றேன். நாளைக்கு லீவு போட்டுட்டு வேலூர் போய்க் காதைக் காட்டலாம். நீயும் வா. டாக்டர் கேக்கறதை எனக்குத் திருப்பிச் சொல்ல ஆள் வேணும்ல?”

மாலையில் பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் போகப்போன சௌந்தர்யாவை அப்பா நிறுத்தினார்.

“இந்தப் பக்கம் உக்காரு கண்ணு. எனக்கு இடது காது கொஞ்சம் பரவால்ல. பத்து நாள் கதையையும் மொதல்லேர்ந்து சொல்லு. மெதுவா.”

வாணியம்பாடியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தும் கதை தீரவில்லை. அவ்வளவு களைப்பிலும், ஆம்பூர் வரும்வரை அப்பா அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலும், கண்ணுங்களா, வேலைக்குப் போனவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பட்டும். அவர்கள் காலாற உட்கார இடமும், பேச்சுத் துணைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையும் எந்நாளும் இருக்கட்டும்.