கொட்டுவாய்

கழுதை முதுகில் சாரக் கயிறுகளை ஏற்றிக்கொண்டு மூர் முஸ்லிமான கொத்தன் ஃபராக்கும் அவன் தங்கை புருஷன் பிராகிமும் பிரபு டான் சுவேரோவின் வீட்டு முன் வந்து நின்றபோது, வெயில் அதற்குள் கல்லைச் சுட ஆரம்பித்திருந்தது. ஆகஸ்ட் மாதம். வால்தெரோக்காவில் ஆகஸ்ட் மாதத்தில் நாய்கூட நிழலைவிட்டு நகராது.

ஒருவரையொருவர் வெட்டிச் சாகும் பிரபுக்களின் வீடுகளில் இனிக் கோபுரம் கூடாது, கூரை மட்டத்துக்கு இடித்துத் தள்ளு என்று ராணி உத்தரவு போட்டிருந்தாள். ஊரில் ஒன்பது கோபுரங்கள். எட்டை இடித்தாயிற்று. மிச்சம் இருந்தது இது.

தெருப்பக்கம் ஜன்னலே இல்லாத வீடு. சுவரில் அம்புத் துளைகள் மட்டும். நீண்ட கற்கள் விசிறியாக விரிந்த வளைவு வாசல். அதற்கு நேர் மேலே, கோபுரத்தின் உயரத்தில், சுவரைவிட்டு வெளியே பிதுங்கிய ஒரு கல்மாடம். தூரத்திலிருந்து பார்த்தால் பூந்தொட்டி வைக்கும் மாடம் போல இருக்கும். வாசலில் நின்று நிமிர்ந்தால்தான் தெரியும், அதற்குத் தரை கிடையாது. கதவைத் தட்டுகிறவன் தலையில் மேலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதற்கான ஓட்டை அது. கொத்தர்கள் அதைக் கொட்டுவாய் என்பார்கள்.

"வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது பாரு மச்சான், எங்க மாமியா மாதிரி" என்றான் பிராகிம்.

"உங்க மாமியா எங்கம்மாடா. கயித்த அவுரு."

கதவைத் திறந்தது வேலைக்காரி அல்ல. வீட்டுக்காரி டோன்யா மென்சியாவே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கறுப்பு உடை. வாசலைத் தாண்டியதும் வழி சட்டென்று இடப்பக்கம் ஒடிந்து முற்றத்துக்குப் போயிற்று. வெளியே நிற்பவன் கண்ணுக்கோ அம்புக்கோ உள்ளே எதுவும் எட்டாது. கிணற்றடியில் நின்று அவள் மேலே கை காட்டினாள்.

"மேல இருக்கிற அலங்காரக் கல்ல எல்லாம் எடுத்துக்கோ கொத்தனாரே. ஆனா கொட்டுவாய் அறையத் தொறக்காதே."

"அறை கூரைக்கு மேல இருக்கும்மா. உத்தரவு கூரை மட்டம்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாளில் மேல்வரிசைகள் எல்லாம் இறங்கிவிட்டன. அறையின் கூரைக்கு வந்ததும் ஃபராக் வேலையை நிறுத்தினான். கடப்பாரை வைத்த கல் கையைப் பொசுக்கியது. வெயில் சூடு என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு விடியற்காலையில் தொட்டுப் பார்த்தான்.

அப்போதும் சுட்டது.

நான்காம் நாள் காலை ஊர்க்காவல் தலைவன் தெல்லோ தடியோடு வந்தான். "டேய் மூரா! உச்சி வெயிலுக்குள்ள அந்தக் கூரை கீழ வரலேன்னா உன் கையி கீழ வரும். எந்தக் கைன்னு நீயே சொல்லிடு."

ஃபராக் முற்றத்துக்குப் போய் அந்த அம்மாளைப் பார்த்தான். "உள்ள என்னம்மா இருக்கு?"

"எம் புருஷன். டான் சுவேரோ."

கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, காய்கறி நறுக்குகிறவள் போன்ற குரலில் அவள் சொன்னாள்.

"பதினோரு வருஷம் ஆச்சு. எதிர் வீட்டு அண்ணந்தம்பிங்க நாலு பேரு சமாதானம் பேச வந்தாங்க. எம் புள்ள நூன்யோதான் போய்க் கூட்டிட்டு வந்தான். முன்னால அவந்தான் நடந்தான், அப்பா நம்மள ஒண்ணும் பண்ண மாட்டாருன்னு. அவரு மேல நின்னு அஞ்சு பேரையும் பாத்தாரு. பாத்துட்டுதான் ஊத்தினாரு. நான் கதவத் தொறக்கறதுக்குள்ள எம் புள்ளைக்கு முகம் இல்ல."

"அப்புறம்?"

"மேல போனேன். அந்த அறைக்குத் தரைக்கதவு ஒண்ணுதான், கொட்டுவாயில ஆள் நுழைய முடியாது. கீழேருந்து தாழ்ப்பாளப் போட்டேன். ஒம்பது நாள் தட்டினாரு. பத்தாம் நாள் தட்டல." அவள் மேலே பார்த்தாள். "பன்னெண்டாம் நாள்லேருந்து மறுபடியும் தட்ட ஆரம்பிச்சாரு."

ஃபராக் கடப்பாரையை எடுத்துக்கொண்டான். வீட்டில் இரண்டு கையோடு திரும்பி வரும் புருஷனுக்காக ஒருத்தி காத்திருந்தாள். அவன் ஏணியில் ஏறினான்.

உச்சிவேளை மணி அடிக்கும்போது கூரைக் கல் புரண்டு உள்ளே விழுந்தது.

முதலில் வந்தது நாற்றம். புழுக்க வாடையோ பிணவாடையோ அல்ல. அடுப்பில் காயும் ஆலிவ் எண்ணெயின் நெடி.

அறைக்குள் இறங்கினான். தரைக்கதவின் மேல் ஒரு எலும்புக்கூடு குப்புறக் கிடந்தது. மரத்தில் கோடாரி வெட்டுகள். அதற்குப் பிறகு நகக் கீறல்கள். விரல் எலும்புகள் தேய்ந்து கூராகியிருந்தன. கொட்டுவாய் ஓரத்தில் இரும்பு முக்காலி, அதன் மேல் கொப்பரை. கீழே பதினோரு வருஷத்துச் சாம்பல், இறுகிக் குளிர்ந்து கிடந்தது.

கொப்பரையில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது.

கீழே பிராகிமின் குரல் கேட்டது. கல்வண்டியை வாசலில் நிறுத்தக் கூடாதென்று தெல்லோ அவனிடம் கத்திக்கொண்டிருந்தான்.

கொப்பரை அசைந்தது.

"பிராகிமு! வாசல விட்டு ஓடு!"

மேலிருந்து குரல் வந்தால் மனிதன் என்ன செய்வான்? இருவரும் வாசலுக்கு நேராக வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

ஃபராக் பாய்ந்து கொப்பரையின் விளிம்பை வெறுங்கையால் பிடித்தான். உள்ளங்கைத் தோல் சீறியது. பல்லைக் கடித்துப் பின்னால் இழுத்தான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ தள்ளினார்கள்.

யாரும் இல்லை. ஆனால் வெங்காயம் தின்ற வாயின் மூச்சு அவன் முகத்தில் அடித்தது. கல் போன்ற ஒரு நெற்றி அவன் மூக்கில் மோதியது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவன் காதுக்குள் கேட்டது. ரத்தம் எண்ணெயில் விழுந்து வெடித்துத் தெறித்தது. ஒரு முழங்கால் அவன் வயிற்றில் ஏறியது. அவன் விடவில்லை. கண்ணோரத்தில் எலும்புக்கூடு தெரிந்தது. அது அசையாமல் கிடந்தது. அதுதான் அவனை எல்லாவற்றையும்விட அதிகமாக நடுங்க வைத்தது.

இரண்டு கைகள் அவன் மணிக்கட்டுகளைப் பற்றி முறுக்கின.

கொப்பரை சாய்ந்தது.

தெல்லோவுக்கு அலற நேரம் கிடைக்கவில்லை. நிமிர்ந்த முகத்தில், திறந்த வாயில் முழுக்க இறங்கியது. அவன் தன் கன்னங்களைப் பிடித்தபோது அவை கையோடு வந்தன. பிராகிம் சுவரோடு ஒட்டிக்கொண்டு அப்படியே உறைந்து நின்றான். கொப்பரையில் இன்னும் பாதி இருந்தது.

அது மறுபடி சாய்ந்தது.

அப்போது கதவு உள்பக்கமாகத் திறந்தது. டோன்யா மென்சியா வெளியே பாய்ந்து பிராகிமின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே வீசினாள். வீசிய வேகத்தில் அவள் வாசற்கல்லின் மேல் வந்து நின்றாள். மிச்சம் முழுவதும் அவள் முதுகில் விழுந்தது.

அவள் மூன்று நாள் உயிரோடு கிடந்தாள். கைகளில் துணி சுற்றிய ஃபராக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான்.

"கொத்தனாரே," என்று கிசுகிசுத்தாள் ஒரு மாலை, "தட்டுறது கேக்குதா?"

அவன் நெடுநேரம் காது கொடுத்தான். "இல்லம்மா. சத்தமே இல்ல. நின்னுடுச்சு."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அப்ப வெளிய வந்துட்டாரு" என்றாள்.

அன்று இரவு இறந்துபோனாள்.

எலும்புகளைப் புதைத்தார்கள். கொப்பரையை உடைத்து உருக்கினார்கள். அறையையும் கொட்டுவாயையும் வேறு கொத்தர்கள் பிரித்தார்கள். நல்ல கருங்கல், வேண்டியவன் எடுத்துக்கொள்ளலாம் என்று நகரசபை சொல்லிவிட்டது. ஒரு வாரத்தில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

ஃபராக் அதன் பிறகு உளி பிடிக்கவில்லை. விரல்கள் மடங்கவில்லை. அவன் மனைவிதான் ஊட்டிவிட்டாள். ஜனவரியில் தங்கை ஸோராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனான். மூர் தெருவில் பிராகிம் கட்டிய புது வீடு. ஃபராக் அதற்குள் அடியெடுத்து வைப்பது அதுவே முதல் தடவை.

ஸோரா நாற்காலியில் ஏறி, வாசல் நிலைக்கு மேலே பதித்த நீளக் கல்லின் மேல் குழந்தையின் துணிகளை விரித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ஏன்மா காயப் போடுற?"

"இந்தக் கல்லு எப்பவும் கதகதன்னு இருக்குண்ணா. அரை நாழியில காஞ்சிடும். துணியில லேசா எண்ணெய்ப் பிசுக்குதான் ஒட்டுது, போகவே மாட்டேங்குது." அவள் இறங்கினாள். "நம்ம வீட்டுல மட்டும் இல்ல. அந்த இடிச்ச கல்லு வச்ச வீடு எல்லாத்துலயும் இப்படித்தானாம். குளிருக்கு நல்லாத்தான் இருக்கு."

ஃபராக் வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடினான்.

விடியலின் உறைபனி இன்னும் இளகவில்லை. தெரு வெள்ளை. கூரைகள் வெள்ளை. சுவர்கள் வெள்ளை. வரிசையாகப் போகும் வாசல்களுக்கு மேலே மட்டும், வீட்டுக்கு வீடு, கறுப்பாக ஈரமாக ஒரு பட்டை.

தெருக்கோடியிலிருந்து பிராகிம் சீழ்க்கையடித்துக்கொண்டு வந்தான். மச்சானைப் பார்த்துச் சிரித்தான். தன் வாசலில் நின்று செருப்பிலிருந்த பனியைத் தேய்த்தான்.

பிறகு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டவனைப் போல, அண்ணாந்து பார்த்தான்.