ரிப்காவின் தொண்டை

கூழ் ஆலையில் காலை ஷிஃப்ட் தொடங்கியதும் ஷிப்ரா முதல் வளர்தொட்டியின் மூடியைத் திறந்து, குனிந்து, ஆழமாக மூச்சை இழுத்தாள். வயிறு அசையவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அடுத்த தொட்டியின் மூடி பாதி திறக்கும்போதே குடல் தொண்டைவரை ஏறி வந்தது. சிவப்புப் பொத்தான். மேற்பார்வையாளர் கதிர்வேல் அதே தொட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்குதுங்க?"

"வழிச்சுக் கொட்டுங்க சார். புழு வைக்கிற நாத்தம்."

"மூக்கு சொன்னாச் சரிங்க" என்று விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் தலைக்குள் அருவருப்பு அடக்கி இருக்கிறது. கோவையில் அநேகமாக எல்லோர் தலைக்குள்ளும் இருக்கிறது. அது வேலை செய்யும் விதம் எளிது. மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதிதான் அழுகியதைக் கண்டால் நம் வயிற்றைப் புரட்டுகிறது. அரிசியளவு கருவியை மூக்கு வழியே செலுத்தி அதன் அருகில் நிறுத்துவார்கள். மெல்லிய மின்துடிப்புகளால் அது அந்தப் பகுதியைத் தூங்க வைத்துவிடும். நெல்லும் கம்பும் நோயில் அழிந்தபின், தொட்டியில் வளர்த்த இறைச்சியான தொட்டிக்கூழையும் சாக்கடைப் பாசியையும் மக்கள் வாந்தி எடுக்காமல் தின்ன வேறு வழி தெரியவில்லை.

ஆனால் எல்லோருக்கும் அடக்கி வைத்துவிட்டால் எது கெட்டது என்று யார் சொல்வது? போன கோடையில் ஒரு தெருவே அழுகிய கூழைச் சப்புக்கொட்டித் தின்றுவிட்டுச் செத்தது. அதற்குப் பிறகுதான் ஆலை, அடக்கி இல்லாத சிலரைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்தது. 'மூக்கு' என்பது அவர்களுடைய பதவியின் பெயர்.

இன்சுலாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஈனமான காரியத்தைப் பார்த்து முகம் சுளிக்க வைப்பதும் அதே இடம்தான். அந்தத் தெருவின் உடல்களை லாரியில் ஏற்றியபோது, ஓட்டுநர் ஒரு பிணத்தின் மேல் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டதை ஷிப்ரா பார்த்தாள். சுற்றி நின்ற யாரும் முகம் சுளிக்கவில்லை.

அவளுக்கு இந்த மூக்கு அம்மம்மா ரிப்காவிடமிருந்து வந்தது. கடல் ஏறி ஊர் மூழ்கியபின் கொச்சியை விட்டுக் கோவைக்கு வந்த யூதக் குடும்பம். ரிப்காவின் அடுக்களையில் இறைச்சிக்கு ஒரு செட் பாத்திரம், பாலுக்கு ஒரு செட்; இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது, ரத்தம் தின்னக் கூடாது என்பது யூதச் சட்டம். ஒவ்வொரு முட்டையையும் தனியாக ஒரு கண்ணாடி டம்ளரில் உடைத்து வெளிச்சத்தில் பார்ப்பாள்; ஒரு பொட்டு ரத்தம் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். நான்கு வயதில் ஷிப்ரா இறைச்சிக் கரண்டியைத் தயிரில் விட்டாள். ரிப்கா திட்டவில்லை. மூக்கு சுருங்கி, மேலுதடு ஏறி, நாக்கு லேசாக வெளியே வந்தது. குழந்தைகள் அருவருப்பை விளக்கம் கேட்டுக் கற்பதில்லை. நேசிக்கும் முகத்தைப் பார்த்துக் கற்கிறார்கள்.

சேர்த்து வைத்திருந்த பயறு தீர்ந்ததும் ரிப்கா பட்டினியில் சுருண்டு மருத்துவமனையில் வந்து விழுந்தாள். அங்கே தொட்டிக்கூழ் மட்டும்தான்.

"கன்னுக்குட்டி இறைச்சியை அதோட அம்மா பால்லயே ஊறப்போட்டு வளர்க்கிறது, மோளே. நீதானே சொன்ன?"

ஷிப்ராதான் சொல்லியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கன்றின் செல்கள் பாலில் எப்படிப் பெருகுகின்றன என்று பெருமையாக, படம் வரைந்து.

"உயிர் போற நேரத்துல எதையும் தின்னலாம்னு நம்ம சட்டமே சொல்லுதே அம்மம்மா. தின்னே ஆகணும்னு சொல்லுது."

"சொல்லுது. எனக்குத் தெரியாதா? சட்டம் விடுது. தொண்டை விடல."

அவள் முயலாமல் இல்லை. ஷிப்ராவின் கண் முன்னாலேயே ஒரு கரண்டி விழுங்கினாள். அது மஞ்சள் பித்தத்தோடு விரிப்பில் திரும்பி வந்தது. குழாய் வழியே ஊற்றியும் வயிறு திருப்பி அனுப்பியது.

"அப்ப அடக்கி வெச்சுக்கோ."

"போடி. ஈ மொய்க்கிறதைச் சிரிச்சுக்கிட்டே தின்னவா? எங்கம்மா எனக்கு வீடும் கொடுக்கல, நகையும் கொடுக்கல. இந்த மூஞ்சியைத்தான் கொடுத்தா." அந்த மூஞ்சியைச் செய்தும் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். "இனி உன்கிட்ட இருக்கு, போதும். என்னை விட்டுடு."

இரண்டொரு நாளில் அவளுக்கு நினைவு தப்பியது.

"சலைன்ல எத்தனை நாளைக்குங்க ஓட்டறது?" என்றார் டாக்டர் அமுதினி. "இன்னைக்கு அடக்கி வெச்சாப் பொழைச்சுக்குவாங்க. நீங்கதான் சொல்லோணும் கண்ணு."

வேண்டாம் என்று சொல்லத்தான் ஷிப்ரா வாயைத் திறந்தாள்.

"வையுங்க."

அடுத்த வாரம் ரிப்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. மடியில் கூழ்க் கிண்ணம். சாம்பல் நிறக் கூழில் ஒரு ஈ காலை உதைத்துக்கொண்டிருந்தது. அவள் அதையும் சேர்த்து அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"வா மோளே. சாப்பிடறியா? நல்லா இருக்கு."

"அம்மம்மா, நீ வேண்டாம்னு சொன்னதை நான் செஞ்சுட்டேன்."

"அதுக்கென்ன? நல்லதாப் போச்சு." பல்லிடுக்கில் ஈயின் சிறகு மினுங்கியது.

"உன்னை ஏமாத்தினேன். நீ நினைவில்லாம கிடந்தப்ப."

"சரி சரி, விடு."

அது மன்னிப்பு இல்லை. மன்னிக்கவும் முதலில் ஏதாவது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்துகிற அந்த இடம் இப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. ஷிப்ரா வாயைப் பொத்தினாள். கட்டில் கம்பியைப் பிடிப்பதற்குள் வாந்தி போர்வை மேலேயே கொட்டிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தார்.

"அடடா, என் பொன்னு" என்று ரிப்கா பதறினாள். பதற்றம் உண்மையானது. அன்பு ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. அடக்கி அதைத் தொடுவதில்லை. வெறுங்கையால் வாந்தியை வழித்து, கட்டிலுக்கு வெளியே உதறினாள். அதே கையால் கூழை ஒரு வாய் அள்ளித் தின்றாள். பிறகு பேத்தியின் கன்னத்தை வருட, ஈரம் சொட்டும் அந்தக் கையை நீட்டினாள்.

ஷிப்ராவின் மூக்கு சுருங்கியது. மேலுதடு ஏறியது. அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

ரிப்காவின் கை அந்தரத்தில் நின்றது. பேத்தியின் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"என்ன மோளே?" என்று கேட்டாள். "எதுக்கு முகத்தை அப்படி வெச்சிருக்க?"