நாற்பது ஓம்

மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்த ஜல்லி யார்டுக்குள் நுழைந்தேன். கண் கூசும் வெயில், பேய்க்கதைக்கு ஏற்ற நேரமே இல்லை. கையில் லேப்டாப் பை, மீட்டர், சாப்பாட்டு டப்பா. பெரிய வண்டிகளுக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டிகள் வயர் வழியாக எந்நேரமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு கெட்டுப்போனால் என்னைக் கூப்பிடுவார்கள்.

ஜல்லி அள்ளும் லோடர் யார்டின் கடைசியில் நின்றது. புதிதாக பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆனால் இடது பக்கப் படி உள்ளே நசுங்கியிருந்தது.

அந்த நசுங்கலை எனக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் நிறம் மாறி, கைமாறி, இங்கே வந்து நிற்கிறது.

அதை ஓட்டும் அக்கா கேபினிலிருந்து இறங்கினார். "வாங்க வண்டி டாக்டர் சார். ரிவர்ஸ் போட்டா பின்னால ஆள் நிக்குதுன்னு கத்துது. இறங்கிப் பார்த்தா காத்துதான் நிக்குது. ஏறி இறங்கியே என் முட்டி போச்சு."

"வேற ஏதாவது?"

அவர் சிரிப்பு குறைந்தது. "வாசனை வருது சார். புது கிரீஸ் வாசனை. இந்த வாரம் நான் கிரீஸே அடிக்கல."

அந்த நசுங்கிய படியை மறுபடி பார்த்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன், வேறொரு கட்டுமானத் தளத்தில், இதே லோடரின் பின்கண் இப்படித்தான் காரணமில்லாமல் கத்தியது. பின்னால் ஆள் வந்தால் எச்சரிக்கும் சின்னப் பெட்டிக்குத்தான் நாங்கள் வைத்த பெயர் பின்கண். எங்கோ வயர் தேய்ந்திருந்தது. தேடிப்பிடிக்க அரை நாள் ஆகும். வண்டி உடனே ஓட வேண்டும் என்று மேனேஜர் என் கழுத்தில் கத்தி வைக்காத குறையாக நின்றார். நான் லேப்டாப்பை மாட்டி, இந்த வண்டிக்குப் பின்கண்ணே கிடையாது என்று முதன்மைப் பெட்டிக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு நிமிட வேலை. கத்தல் நின்றது. கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினார்கள். நாளைக்கு வந்து வயரை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, ஓட்டுநரிடம் கூட ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பினேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து வண்டிக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தவர் மீது லோடர் ரிவர்ஸில் வந்து ஏறியது. அவர் எல்லோரையும் மச்சான் என்பார். அதனால் எங்களுக்கெல்லாம் அவர்தான் மச்சான்.

விசாரணைக்கு ஆள் வருவதற்குள் நான் ஓடிப்போய்ப் பின்கண்ணைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கருவி சரியாக இருக்கிறது, தவறு ஓட்டுநருடையது என்று எழுதினார்கள். "சத்தமே வரலண்ணே, நீங்களாச்சும் நம்புங்க," என்று ஓட்டுநர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்கு லைசென்ஸ் போனது, வேலை போனது. ஆளைக் கொன்றவன் என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

இப்போது பேட்டரியை அணைத்துவிட்டு, பெட்டிகள் பேசிக்கொள்ளும் இரண்டு வயர்களுக்கு நடுவே மீட்டரை வைத்தேன். மின்தடை அறுபது ஓம் என்றால் சரி. நூற்றிருபது என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது.

நாற்பது காட்டியது.

நாற்பது என்றால், இருக்கக் கூடாத ஒன்று கூடுதலாக அந்த வயரில் வந்து சேர்ந்திருக்கிறது. பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி மாட்டினேன். கடைசியில் பின்கண்ணையும் கழற்றி எடுத்தேன். மீட்டர் நாற்பதை விட்டு நகரவில்லை.

கேபினில் உட்கார்ந்து, பின்கண்ணை மடியில் வைத்துக்கொண்டு, லேப்டாப்பை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். அலறியது. 'பின்னால் ஆள். நான்கு மீட்டர்.'

"சார்," படியில் நின்ற அக்கா கிசுகிசுத்தார். "அந்தக் கண்ணு உங்க மடியில இருக்கு."

மூன்று.

கண்ணாடியில் பார்த்தேன். ஜல்லிக் குவியலும் வெயிலும்தான் தெரிந்தன.

இரண்டு.

கிரீஸ் வாசனை கேபினுக்குள் வந்தது.

லேப்டாப்பில் 'பின்கண்ணை நீக்கவா?' என்ற கேள்வி திறந்திருந்தது. நான்தான் திறந்திருக்க வேண்டும். விரல் அதன் மேலேயே இருந்தது. பழகிய விரல். கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஏழெட்டுப் பேர் இன்னும் அரை மணியில் இந்த லோடருக்குப் பின்னால் வேலை செய்வார்கள். அது தெரிந்தும் என் விரல் அந்தக் கேள்வியை விட்டு நகர மறுத்தது. எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

ஒன்று.

என் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"மச்சான்."

"நான்தான் நிறுத்துனேன்!" என்று கத்தினேன். "அன்னைக்கு சத்தம் வரல. நான்தான் நிறுத்துனேன்!"

அலறல் நின்றது. திரையில் எண் மட்டும் மாறியது. பூஜ்யம்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்காமலே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் கையை நீட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"என்கிட்ட சொல்லி என்ன சார் ஆகப்போகுது? வேலையில்லாம வீட்ல கெடக்காரே, அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் இந்த வண்டிய நான் தொடமாட்டேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். செய்ததை ஒளிக்காமல் எழுதி, விசாரணை செய்த அலுவலகத்துக்கும் என் கம்பெனிக்கும் அனுப்பினேன். இனி எனக்கு வேலை இருக்காது. போகட்டும். நேராக ஓட்டுநர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. அந்தப் பெண் எந்தத் தளத்துக்கும் வந்ததில்லை, அங்கே வேலை செய்த ஒருவரையும் பார்த்ததில்லை. நான் பழைய இடத்தில் அவர் கணவரோடு வேலை செய்தவன், அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன்.

"உள்ளதான் இருக்காரு, வாங்கண்ணே," என்று வழிவிட்டார். பிறகு என் தோளைத் தாண்டிப் பார்த்தார்.

"உங்க கூட வந்தவரு ஏன் வெளியவே நிக்கிறாரு? கையெல்லாம் கிரீஸா இருக்கே. தண்ணி தர்றேன், கழுவிட்டு வரச் சொல்லுங்க."