கடைசி வரி மனப்பாடம்

"மேடம், ஒருத்தர் தொப்பலா நனைஞ்சு வந்திருக்காரு. கண்ணாடி ரெண்டா உடைஞ்சிருச்சாம். நாளைக்குக் காலையில ஏதோ முக்கியமான பேச்சாம்... பரீட்சைக்குப் போற பையன் மாதிரி பதறுறாரு," என்றாள் பில் போடும் பெண்.

கண்ணாடிக் கடையின் பரிசோதனை அறை இருட்டில், கண் பரிசோதகரான அவளும் நாளைக் காலைக்குத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். விவாகரத்துக்கு முன்னால் ஒரு சமரசப் பேச்சு. "அழாதே. சுருக்கமா சொல்லு. எது உன்ன ரொம்ப வதைச்சுதோ அத மட்டும் சொல்லு," என்று வக்கீலம்மா பாடம் நடத்தியிருந்தாள். சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் எல்லாம் ஒரே வாக்கியமாகச் சுருங்கியிருந்தது. நான் பேசும்போது அவர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை.

"வரச் சொல்லு."

கதவு திறந்தது. முதலில் மழை வாசனை... பின்னால் அவன். அவளுடைய கணவன்.

இந்தக் கிளைக்கு அவள் மாற்றலாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வாசலிலேயே நின்று கண்களை இடுக்கினான். நெற்றியிலிருந்து வழிந்த ஒரு துளி இமையில் சிக்கி, விழ மனமில்லாமல் தொங்கியது. இந்த இமைகளைத்தான் ஒரு காலத்தில்... வேண்டாம்.

"உக்காருங்க சார்."

குரல் கேட்டதும் அவன் கை கதவுப்பிடியிலேயே நின்றுவிட்டது.

"நீயா... நான் வேற கடைக்குப் போயிடவா?"

"இந்த மழையிலயா? நனையறதுக்கு உங்ககிட்ட இன்னும் என்ன மிச்சம் இருக்கு? உக்காருங்க."

"சரிங்க டாக்டரம்மா."

அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று... அவள் டாக்டர் இல்லை. கண் பரிசோதனைப் படிப்பின் கடைசித் தேர்வில், அவள் பரிசோதிக்க வந்து உட்கார்ந்தவன் அவன். முதுகுக்குப் பின்னால் ஆசிரியை நிற்க, அவள் கை நடுங்கியது. அவனோ கடைசி வரிவரை தடங்கலில்லாமல் வாசித்தான். வெளியே வந்ததும், "பாஸா டாக்டரம்மா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே எல்லாம் முடிவாகிப்போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகும் அவன் கண்களை அவள்தான் பார்த்தாள்... பழைய கடையில், கல்லூரியில் இருந்த அதே எழுத்து அட்டையில்.

விரல் படாமல் அவன் மூக்கில் சோதனை ஃப்ரேமை மாட்டினாள். பழைய பவருக்குரிய லென்ஸைப் போட்டாள். எதிரே திரை ஒளிர்ந்தது.

"கடைசி வரிய வாசிங்க."

"ட, ப, ம, ர, ல."

தயக்கமே இல்லை. அவள் திரையைப் பார்த்தாள். அந்த ஐந்தில் ஒன்றுகூட அங்கே இல்லை. இந்தக் கிளையில் அட்டை கிடையாது. ஒவ்வொருவருக்கும் எழுத்துகளை மாற்றிப்போடும் திரை.

"அதுக்கு மேல் வரி?"

அவன் முகத்தை முன்னால் நீட்டினான். "பழைய வரிதானே...?" என்று ஆரம்பித்தவன் சட்டென நிறுத்திக்கொண்டான்.

அவள் எழுந்து கைவிளக்கை எடுத்தாள். இத்தனை வருஷமும் அவனிடம் கேட்டுக் கேட்டே பவர் போட்டவள், முதல்முறையாக அவன் கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தித் தானே பார்த்தாள். கருமணிக்குள் வெளிச்சம் நேராக நகராமல் கோணலாகச் சாய்ந்தது; இதுவரை அவள் பவரே போடாத ஒரு கோளாறு.

"இது நேத்து வந்ததில்ல. எத்தன நாளா தெரியல?"

"தெரிஞ்சதே இல்ல." அவன் மடியைப் பார்த்துப் பேசினான். "அன்னிக்கு உன் கை அப்படி நடுங்கிச்சு. பின்னாடி அந்த டீச்சரம்மா கழுகு மாதிரி நின்னாங்க. முன்னாடி வந்தவங்க வாசிச்சத கேட்டு மனப்பாடம் பண்ணிட்டேன். நீ எத மாட்டினாலும் தெளிவா இருக்குன்னேன். நீ சிரிச்ச... அப்புறம் எப்படிச் சொல்றது? நீ போட்ட பவர் தப்புன்னு ஆயிடுமே."

"சாயங்காலமானா கண்ண மூடிக்குவீங்களே. நான் பேசப் பேச..."

"தல வெடிக்கும். கண்ண மூடினா உன் குரலாவது தெளிவா இருக்கும்."

அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒத்திகை பார்த்த அந்த ஒரே வாக்கியமும் கையைவிட்டுப் போயிற்று. கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் எழுந்து நடமாடினாள். மூடிய கண்களுக்கு எதிரே பேசிப் பேசி அவள் ஊமையான மாலைகளை யார் திருப்பித் தருவார்கள்? தந்தாலும் அவற்றில் வாழ அந்தப் பழையவள் எங்கே?

லென்ஸ்களை மாற்றினாள், திருப்பினாள். அவன் மூச்சு சட்டென்று நின்றது. திரையை அவன் பார்க்கவில்லை.

"என்ன தெரியுது?"

"உன் கண்ணுக்குக் கீழ எவ்வளவு கருப்பு..." என்றான். "இது எப்பலேருந்து?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலில் மழை கோடுகோடாக இறங்கியது.

"இந்த விளக்க ஒரே ஒரு தடவ அடிச்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்," என்றாள். "அடிக்கல. நீங்க தெளிவா இருக்குன்னதே எனக்குப் போதுமா இருந்துச்சு."

அவள் மறுபடி அவன் பக்கம் திரும்பினாள்.

"புதுக் கண்ணாடி நாளைக்குள்ள ஆகாது. இத இப்ப கழட்டணும்."

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்... நாளைக்கு நம்மள எதிரெதிரா உக்கார வெப்பாங்களாமே."

"ஆமா. நடுவுல மேஜை."

"அவ்வளவு தூரத்துல உன் முகம் எனக்குத் தெரியாது. அங்க போய் என்ன சொல்றதுன்னும் தெரியல. எனக்கு உன்னப் பிடிக்கும்ங்கிறது மட்டும்தான் தெரியும். அது அங்க செல்லாது." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "பக்கத்துல உக்காந்தேன்னா... முகமாவது தெரியும்."

ஃப்ரேமைக் கழற்ற உயர்ந்த அவள் விரல்கள் அவன் காதோரம் பட்டன. ஈரமாக, சில்லென்று இருந்தது. கையை எடுக்கவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை.

"பக்கத்துல உக்காராதீங்க," என்றாள். "நான் அழுதுடுவேன்."