யார் சொல்லிக் கொடுத்தது

சிட்டு அழவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது.

ஆறு வயதுப் பிள்ளை. பால் டம்ளரைத் தட்டிவிட்டதற்கு, வேலை முடிந்து வந்த அலுப்பில் அம்மா கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டாள். போன மாதம் வரை இதில் பாதி திட்டினாலே சிட்டு வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அன்று குனிந்து பாலைத் துடைத்தாள். துணியை நான்காக மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு நிமிர்ந்து, "சரிம்மா. பரவாயில்ல" என்றாள். மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது. மன்னிக்கிற குரல்.

மறுநாள் காலை அம்மாவின் மூக்குக்கண்ணாடியின் இரண்டு கால்களும் கழற்றப்பட்டு, மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைக்கப்பட்டிருந்தன. அடுத்த வாரம் டிவியை அணைத்ததற்கும் ஒரு "சரிம்மா, பரவாயில்ல" வந்தது. இரண்டாம் நாள் அவளுடைய கைப்பையின் வார் கத்தரியால் அறுபட்டுக் கிடந்தது. பிசிறில்லாத நேர்வெட்டு.

"யாருடி உனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா?"

சிட்டு அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீதாம்மா."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். மாதம் ஒருமுறை அண்ணன் வீட்டுக்கு வந்து, குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போகிறவள். செல்போனைத் தரமாட்டேன் என்றதும் சிட்டு அவளைப் பார்த்து அதே குரலில், "சரி அத்தை. பரவாயில்ல" என்றாள். நாத்தனாரின் முகம் வெளிறிப்போயிற்று. சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அண்ணி, இவ பெரிய அண்ணிய எங்கயாவது பாத்திருக்காளா?"

"எப்படிப் பாத்திருப்பா? அவங்க போயி எட்டு வருஷமாச்சு. இவளுக்கு ஆறுதானே ஆகுது."

"அதான் எனக்கும் புரியல." நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "பெரிய அண்ணி கத்தவே மாட்டாங்க. அழவும் மாட்டாங்க. இப்படித்தான், சரி பரவாயில்லம்பாங்க. அப்புறம் ரெண்டு நாள்ல நம்ம பொருள் ஏதாவது பாழாப் போயிருக்கும். அண்ணன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

பெரிய அண்ணி என்பது கணவனின் முதல் மனைவி. இதே வீட்டில் வாழ்ந்து, இதே வீட்டில் இறந்தவள். அதற்குமேல் சிட்டுவின் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. கணவன் சொன்னதில்லை. வீட்டில் ஒரு படம்கூட இல்லை.

அன்றிலிருந்து கணவனின் மேல் ஒரு கண் வைத்தாள். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், பேச்சு குறைவு, கையில் எப்போதும் கிரீஸ் வாசனை. நான்கு வருடங்களுக்கு முன்னால், தத்தெடுக்கப் போன இல்லத்தில், இருபது பிள்ளைகளைத் தாண்டி நேராக ஒரு கட்டிலருகே போய் நின்று "இவதான்" என்று சொன்னவன் அவன். அப்போது அதைப் பாசம் என்று நினைத்தாள். இப்போது அது வேறு மாதிரி தெரிந்தது. அந்த முதல் மனைவி உண்மையிலேயே இறந்துவிட்டாளா? எட்டு வருடம் என்பது அவன் வாயால் வந்த கணக்குதானே? சிட்டு அவர்களுக்கே பிறந்தவளோ? சாப்பாட்டு மேசையில் கணவனையும் சிட்டுவையும் மாறி மாறிப் பார்த்தாள். காதுமடல், நகம், தண்ணீர் குடிக்கும்போது கண் மூடுவது... தேடத் தேட எல்லாமே ஒரே அச்சாகத் தெரிந்தது.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. சிட்டுவின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்தாள். கணவனின் பல் பிரஷ்ஷையும் சேர்த்து, வேறு பெயர் எழுதி, மரபணுப் பிரிவில் இருக்கும் தோழியிடம் கொடுத்தாள். இரண்டு வாரம் காத்திருந்தாள். முடிவு வந்தது. இருவருக்கும் எந்த ரத்த உறவும் இல்லை.

கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

ரத்தத்தில் வரவில்லை. அப்படியென்றால் யாரோ பழக்குகிறார்கள்.

யார்? பள்ளிக்கூட வேன் மூன்று மணிக்கு வரும். அவள் ஆறு மணிக்கு வரும்வரை சிட்டு மாடிவீட்டுத் தையல்காரம்மாவிடம்தான் இருப்பாள். பதினைந்து வருடமாக இதே கட்டடத்தில் இருக்கிறவள். பெரிய அண்ணியை நன்றாகத் தெரிந்திருக்கும். அவள்தான். வேறு யாரும் இல்லை. அன்றே பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, தன் வீட்டுக் கதவைத் திரும்பியும் பார்க்காமல் மாடியேறினாள்.

தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சிட்டு அங்கே இல்லை.

"பிள்ளை எங்க?"

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். "என்னைக் கேக்கறீங்க? இப்பதானே கீழேருந்து கூப்பிட்டீங்க. ஓடிட்டாளே."

"நான் கூப்பிட்டேனா?"

"ஒரு மாசமா நீங்கதான சீக்கிரம் வந்துடறீங்க? மத்தியானமெல்லாம் உங்க குரல் கேக்குது, பாடம் சொல்லிக் குடுக்கற மாதிரி. திரும்பத் திரும்ப. எனக்கெல்லாம் அவ்வளவு பொறுமை கிடையாதுன்னு நினைச்சுக்குவேன்." தையல்காரம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏங்க, உடம்பு சரியில்லையா?"

அவள் இறங்கினாள். வெயில் படிக்கட்டுச் சன்னல் வழியாகச் சரிந்து, தூசியை மிதக்கவிட்டுக்கொண்டிருந்தது. எங்கோ குழாயில் நீர் சொட்டியது. வீட்டுப் பூட்டு திறந்து தொங்கியது. சாவி அவள் கையில் இருந்தது.

கதவில் காதை வைத்தாள்.

"இன்னொரு தடவை."

அவளுடைய குரல். அவளுடைய சொந்தக் குரலேதான்.

"வலிக்குதும்மா." இது சிட்டு.

"சரி. பரவாயில்ல. இன்னொரு தடவை."

கதவைத் தள்ளினாள்.

கூடத்தின் நடுவில் நாற்காலி. அதில் சிட்டு. பள்ளிச் சீருடையோடு, தனியாக. வேறு யாரும் இல்லை. திரை ஆடவில்லை. கிரீஸ் வாசனைகூட இல்லை.

"சிட்டு."

பிள்ளையின் கண்கள் அவள் பக்கம் திரும்பின. தலை திரும்பவில்லை. கண் நிறையத் தண்ணீர். தாடை நடுங்கியது. அழுகை வாய்வரை வந்துவிட்டது.

அப்போதுதான் பார்த்தாள்.

சிட்டுவின் இரண்டு கன்னத்திலும் குழி. சிரிப்பில் விழுகிற குழி இல்லை. விரல் நுனி அழுத்திய அளவு. ரத்தம் வற்றி வெளுத்த குழி.

குழிகள் நகர்ந்தன. மெதுவாக. பொறுமையாக. வாயின் இரண்டு ஓரங்களுக்கும் வந்தன. அழுத்தின.

அழுகிற உதட்டை மேலே தூக்கின.