ஜெபமாலையின் பின்பாதி

ஜெபமாலையின் ஏழாவது மணியில் அலீனாவின் குரல் நின்றுபோனது.

ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்தின் முன்பாதியை அம்மா சொன்னால் பின்பாதியை மகள் சொல்ல வேண்டும். மாமியார் தினமும் சாயங்காலம் மாதா கோவிலில் ஒன்பது நாள் நவநாள் ஜெபத்துக்குப் போய்விடுவதால் இந்த வாரம் முழுக்க மாலை ஜெபத்துக்கு இவர்கள் இருவர்தான். ரப்பர் மரங்களில் மழை இறங்கும் சத்தமும், குடம்புளி போட்ட மீன்குழம்பின் மணமும், மெழுகுவர்த்திப் புகையும் அறையில் கலந்திருக்க, ஒன்பது வயதுப் பிள்ளை முட்டிபோட்டபடியே எதையோ வெறித்துக்கொண்டிருந்தது.

"மனசு எங்கடி மேயுது?"

"இங்கதாம்மா இருக்கேன்."

எல்சம்மா மகளை உற்றுப் பார்த்தாள். தன் அண்ணன் பாபிச்சனும் இதே வயதில் இப்படித்தான் ஜெபத்தின் நடுவே நின்றுபோவான். வகுப்பில் கவனமில்லை என்று அவனுக்கும் கடிதங்கள் வந்தன. இருபது வயதில், ஆளில்லாத மூலைக்குப் பதில் சொல்லத் தொடங்கினான். இப்போது மலைமேல் ஒரு மனநல இல்லத்தில் இருக்கிறான். கல்யாணம் பேசும்போது, இத்தாலியில் பாதிரியாராக இருக்கிறான் என்று சொல்லியாயிற்று. மாமியார் பாவம், வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு அவனுக்குக் கேக் அனுப்பச் சொல்கிறாள்.

இன்று காலை அலீனாவைக் காட்டப் போனபோதுதான் டாக்டர் கேட்டார். "கவனம் சிதறுற பிள்ளைங்க முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. குடும்பத்துல யாருக்காவது மனச்சிதைவு இருந்தா மட்டும் சொல்லிடுங்க. கூடுதலா கவனிக்கணும்."

"எங்க குடும்பத்துலயா? இவ அண்ணன் ஃபாதராக்கும்!" என்றாள் மாமியார்.

எல்சம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டலில் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். அவளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை.

மாதாவே, இன்றைக்கு மட்டும் இவள் ஒழுங்காகச் சொல்லிவிடட்டும். கண்களை இறுக மூடிக்கொண்டு முன்பாதியைச் சொன்னாள்.

பின்பாதி வந்தது. பிசகில்லாமல். எட்டு. ஒன்பது. எல்சம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"அப்படித்தான்டி தங்கம். எவ்வளவு அழகா சொல்ற!"

"நான் சொல்லலையேம்மா."

கண்ணைத் திறந்தாள். அலீனா முட்டிபோட்டபடியே பின்னுக்கு நகர்ந்திருந்தாள். அவள் வெறித்தது மூலையை அல்ல. அம்மாவின் வாயை.

"ரெண்டையும் நீதாம்மா சொல்ற. தினமும். அது ஆம்பளைக் குரல்ல வருது. பயந்துதான் நான் நிறுத்திடறேன்."

எல்சம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். இறுக்கமாக. பல் உதட்டில் பதிந்தது.

மழை விட்டிருந்தது.

பத்தாவது மணி. முன்பாதியை யாரும் சொல்லவில்லை.

பின்பாதி தொடங்கியது. பாபிச்சன் இழுத்துச் சொல்வது போலவே. உள்ளங்கைகளுக்குள் அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.